டி-76 டெவலப்பரை எத்தனை ரோலுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம்? டெல்டா வெயில், போர் தண்ணீர் நிலவரத்தில்

மன்னை_பிலிம் (மன்னார்குடி)

வணக்கம். கறுப்பு வெள்ளை பிலிம் ரோல்களை வீட்டிலேயே கழுவுகிறேன் (டெவலப் செய்கிறேன்). பிலிம் இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் (ஐஎஸ்ஓ 400), 35 மி.மீ. டேங்க் பேட்டர்சன், ஒரு ரோலுக்கு 290 மி.லி. பிடிக்கும். கோடக்கின் டி-76 டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) பவுடரை 1 லிட்டராகக் கரைத்து, மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல் ஸ்டாக்காகவே (மூலக் கரைசலாகவே) ஊற்றுகிறேன். கழுவி முடித்த 290 மி.லி.யைத் தனி பாட்டிலில் ஊற்றி வைத்து, அடுத்த ரோலுக்கும் அதையே எடுக்கலாம் என்று எண்ணம்.

கேட்க வேண்டியவை:

அந்த 290 மி.லி. எத்தனை ரோல் தாங்கும்? ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும்? இங்கே சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீர் 31 டிகிரிக்குக் குறையாது. அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்குத்தான் இருக்கிறது. போர் தண்ணீரில் பவுடரைக் கரைக்கலாமா, கேன் தண்ணீர்தான் வேண்டுமா? மாதத்துக்கு 2, 3 ரோல் ஓடும்.

குடந்தை_இருட்டறை

முதலில் அந்தத் தனி பாட்டில் யோசனையை விட்டுவிடுங்கள். கணக்கு முழுக்க அங்கேதான் தவறும்.

டெவலப்பர் எத்தனை ரோல் தாங்கும் என்பது அது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, டேங்கில் எவ்வளவு ஊற்றினோம் என்பதை அல்ல. புத்தகத்திலும் டப்பாவிலும் போட்டிருக்கும் எண்ணிக்கை ஒரு லிட்டருக்கானது. 290 மி.லி.யைப் பிரித்து அதிலேயே திரும்பத் திரும்பக் கழுவினால், லிட்டர் கணக்கில் மூன்றரை மடங்கு வேகமாகத் தேயும். இரண்டாவது ரோலிலேயே நிழல் பகுதிகள் மெலியத் தொடங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: லிட்டர் பாட்டிலிலிருந்து 290 எடுங்கள், கழுவுங்கள், அதே பாட்டிலில் திரும்ப ஊற்றுங்கள், மூடியைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். அடுத்த ரோலுக்கு அந்தக் கலவையிலிருந்து 290. பாட்டிலில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, ரோலுக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேதி. கோடு போடாத பாட்டிலை நம்பி அடுத்த ரோலைக் கழுவக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நேரத்தை ஏன் கூட்டுகிறோம் என்பது விளங்கும். ஒளிபட்ட சில்வர் புரோமைடு வெள்ளியாக மாறும்போது புரோமைடு கரைசலுக்குள் இறங்குகிறது. அது ஒரு தடுப்பான். குறைந்த ஒளி விழுந்த இடங்களை, அதாவது நிழல் விவரங்களை, அதுதான் முதலில் அமுக்கும். கூடவே கரைசலின் காரத்தன்மையும் சற்றுக் குறைகிறது. டி-76-ல் டெவலப் செய்யும் இரண்டு பொருள்களில் மெட்டால் செலவாவதை ஹைட்ரோகுவினோன் மீட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் முதல் சில ரோல்களில் சரிவு மெதுவாகத்தான் தெரியும். நேரத்தைக் கூட்டினால் காண்ட்ராஸ்ட்டை மீட்கலாம். நிழலில் போன வேகத்தை முழுதாக மீட்க முடியாது. அதனால் பல ரோல் கண்ட கரைசலில் கழுவப்போகும் ரோலை ஐஎஸ்ஓ 400-க்குப் பதில் 320, 250 என்று வைத்து எடுப்பது நல்லது.

கூட்டுவது எவ்வளவு? டி-76-உம் இல்ஃபோர்டின் ஐடி-11-உம் அடிப்படையில் ஒரே சூத்திரம். ஆனால் இரு கம்பெனியும் சொல்லும் கணக்கு வேறு. இல்ஃபோர்டு ஒரு லிட்டருக்கு 10 ரோல், ஒவ்வொரு ரோலுக்கும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது. கோடக் அதைவிடக் கறார்: லிட்டருக்கு 4 ரோல், ரோலுக்கு ரோல் 15 சதவீதம். நம் ஊர் சூட்டில் கோடக் பக்கம் சாய்வதுதான் நியாயம். நல்ல தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாமல் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவதானால் 10 சதவீதக் கூட்டலில் 5, 6 ரோல் வரை போகலாம். பத்து வரை இழுக்காதீர்கள்.

எச்பி5 பிளஸ், ஸ்டாக், 20 டிகிரி என்றால் முதல் ரோல் 7 நிமிடம் 30 நொடி. அடுத்தடுத்து 8:15, 9:00, 9:45, 10:30. முதல் நேரத்தின் பத்தில் ஒரு பங்கு 45 நொடி, அதையே ஒவ்வொரு தடவையும் சேர்க்கிறோம். இரண்டு ரோலை ஒரே டேங்கில் சேர்த்துக் கழுவினால் இரண்டுக்கும் அந்த வரிசையின் நேரம்தான், ஆனால் அடுத்த முறைக்கு இரண்டு கோடு ஏற வேண்டும்.

எல்லா ரோலும் ஒரே அளவு டெவலப்பரைத் தின்னாது என்பதையும் கவனியுங்கள். அறுவடை முடிந்த வயல், பாதி பிரேம் வெறும் வானம் என்று 36 படமும் எடுத்திருந்தால் நெகட்டிவ் முழுக்க அடர்த்தி, அவ்வளவு வெள்ளியும் அந்தக் கரைசல் செய்த வேலை. கோயில் பிராகாரத்தின் இருட்டுக்குள் எடுத்த ரோல் அதில் பாதிகூடத் தின்னாது. வெளிச்சமான ரோல் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வெப்பம். 31 டிகிரியில் கழுவ வேண்டாம், 24-க்கு இறக்குங்கள். 20-க்கு இறக்கினால் கழுவி முடிப்பதற்குள் அதுவாகவே ஏறிவிடும். 24-ல் பிடித்து நிறுத்துவது எளிது. 24 டிகிரியில் நேரம் 20 டிகிரி நேரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். அப்படியானால் எச்பி5 பிளஸ் ஸ்டாக் 5:15. இது ஓரத்தில் நிற்கும் எண். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும் நேரம், வடிக்கும் நேரம் எல்லாம் முடிவைப் பாதித்து வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். திரும்பப் பயன்படுத்தும் கரைசலில் இந்தச் சிக்கல் தானே தளர்கிறது: இரண்டாவது ரோல் 5:45, மூன்றாவது 6:15, நான்காவது 6:45. முதல் ரோலுக்கு மட்டும் கை பழகியிருக்க வேண்டும்.

குளிர்விக்க ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீர், அதற்குள் டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்), ஃபிக்சர் (மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது) பாட்டில்கள். எல்லாம் சேர்த்து ஆறரை லிட்டர் என்று வைத்தால், 31-லிருந்து 24-க்கு இறக்க அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஐஸ் போதும். ஐஸ் வாளியில்தான், டெவலப்பருக்குள் ஒரு துண்டும் விழக் கூடாது. மண்பானைத் தண்ணீரை நம்பாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் பானை 2, 3 டிகிரிக்கு மேல் இறக்காது.

ஃபிக்சர் முடித்தபின் நேராக 31 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் போடாமல், வாளித் தண்ணீரை முதல் அலசலுக்கும், பாதிப் பாதி கலந்ததை இரண்டாவதுக்கும் வையுங்கள். திடீர் வெப்ப ஏற்றத்தில் எமல்ஷன் சுருங்கி வெடிப்பு விழும் வாய்ப்பு இன்றைய பிலிம்களில் குறைவு. ஆனால் விழுந்தால் சரிசெய்ய வழியே இல்லை.

முன்கூட்டித் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பிலிமைச் சுற்றும் ரீலில் தங்கும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நீர்க்கச் செய்யும்.

வெங்காரம் (தஞ்சாவூர்)

மேலே சொன்னதோடு முழுதாக ஒத்துப்போகிறேன். தண்ணீர் பற்றியும், வீட்டில் எடை போட்டுச் செய்வது பற்றியும் சேர்க்கிறேன்.

போர் தண்ணீர் வேண்டாம். கரைசலை ஒரே முறை ஊற்றிக் கொட்டுபவருக்கு அது அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரக்கணக்கில் பாட்டிலில் வைத்திருப்பவருக்குச் செய்யும். தண்ணீரில் உள்ள கால்சியம் வெண்ணிறப் பொடியாகப் பிரிந்து அடியில் தங்கி, பிலிம் மேல் வந்து ஒட்டும். இரும்பும் செம்பும் டெவலப்பர் காற்றோடு சேர்ந்து கெடுவதை வேகப்படுத்தும். குடம் நிரம்பிக் கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சள் ஆடை படிகிற தண்ணீர் என்றால் இரும்பு இருக்கிறது. கேன் தண்ணீர் போதும். அதைவிட நிச்சயம் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர். லேபிளைப் படித்து வாங்குங்கள், பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில் இருக்கும். ரோலைக் கழுவி அலச எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசியாக முக்கி எடுப்பது மட்டும் கேன் தண்ணீரில்.

டி-76 வெளியே சூத்திரம் தெரிந்த சரக்கு. 1 லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 2 கிராம். 50 டிகிரியில் 750 மி.லி. தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை சல்பைட், அது கரைந்ததும் மெட்டால். மெட்டால் முழுதும் கரைந்த பிறகே மீதி சல்பைட். வரிசை மாறி சல்பைட்டை முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் வெள்ளைத் துணுக்குகளாக நிற்கும். பிறகு ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெங்காரம், தண்ணீர் ஊற்றி லிட்டராக்குங்கள். ஒரு இரவு விட்டு மறுநாள் பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் அதற்குப் பிறகு சிறிது பட்டாலும் வரும்.

சல்பைட் வாங்கும்போது சல்பேட்டும் மெட்டாபைசல்பைட்டும் வேறு பொருள்கள் என்பதைக் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையிலும் பொற்கொல்லர் சாமான் கடையிலும் கிடைக்கும். பொரித்த வெங்காரம் தந்தால் வாங்காதீர்கள். பொரித்ததில் நீர் போய்விட்டதால் 2 கிராம் படிகத்துக்கு அது 1 கிராமை ஒட்டியே வரும். எடை அப்படியே போட்டால் காரம் இரட்டிப்பாகி காண்ட்ராஸ்ட் ஏறும்.

நேரத்தைக் கூட்டுவதற்குப் பதில் இன்னொரு வழி, ரீப்ளெனிஷர், அதாவது செலவான சக்தியை ஈடுகட்டும் கரைசல், ஊற்றுவது. டி-76ஆர் என்பது 1 லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 7.5, வெங்காரம் 20. கலக்கும் வரிசை அதேதான். ஒரு ரோல் கழுவியதும் 30 மி.லி. டி-76ஆர்-ஐ லிட்டர் பாட்டிலில் ஊற்றி, அதன் மேல் பழைய கரைசலை வாய் நிரம்பும் வரை திருப்பி ஊற்றுங்கள், மிஞ்சியதைத் தள்ளிவிடுங்கள். நேரம் மாறாது, 7:30 என்றால் எப்போதும் 7:30. பாட்டில் எப்போதும் விளிம்பு வரை நிறைந்திருக்கும், காற்றுக்கு இடமில்லை. ஒரு ரோல் என்பது 36 படம் கொண்ட 35 மி.மீ., அல்லது ஒரு 120 (அகல பிலிம் ரோல்). இரண்டும் ஏறக்குறைய ஒரே பரப்பு. இப்படிச் சேர்த்த மொத்த அளவு 1 லிட்டரைத் தொட்டதும் முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆனால் இது வாரம் 3, 4 ரோல் ஓடுகிறவருக்கு. மாதம் 2, 3 ரோலுக்கு ரீப்ளெனிஷர் பாட்டிலே பாதியில் கெட்டுப்போகும்.

நாகை_120

மாதம் 2, 3 ரோல்தான் என்றால் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. 1+1, அதாவது ஸ்டாக்கும் தண்ணீரும் சம அளவில், கலந்து ஒருமுறை ஊற்றிக் கொட்டுங்கள். எச்பி5 பிளஸ் 1+1-க்கு டி-76-ல் 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் ஏழே முக்கால் நிமிடம் வாக்கில். 5 நிமிட ஓரச் சிக்கல் எழவே எழாது. 145 மி.லி. ஸ்டாக், 145 மி.லி. தண்ணீர். இவ்வளவு குறைந்த ஸ்டாக்கில் ஒரு முழு ரோல் என்பதால் நேரத்தில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 1 லிட்டரில் 6 ரோல் வரும். குடந்தை நண்பர் சொன்ன பாதுகாப்பான எண்ணிக்கையும் அதே 5, 6 தானே! சிக்கனம் ஒன்றும் கூடவில்லை, ஒவ்வொரு ரோலும் புதுக் கரைசலில்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வேதாரண்யம், நாகை பக்கம் உப்பேறிய போர் தண்ணீரில் குளோரைடு இருக்கும். அதில் கரைத்த டெவலப்பர் நேர அட்டவணைக்குக் கட்டுப்படாது. எக்ஸ்டால் என்ற கோடக் டெவலப்பரைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது அஸ்கார்பேட் வகை, இரும்புத் தண்ணீரில் நிறமே மாறாமல் சக்தியை இழந்துவிடும். டி-76 கெட்டால் பழுப்பாகிச் சொல்லும், எக்ஸ்டால் சொல்லாது. ரோடினால் என்ற திரவ டெவலப்பர் வைத்திருந்தால் கேள்வியே இல்லை, 1+25, 1+50 என்று நீர்க்கக் கலந்ததைத் திரும்ப எடுக்கவே கூடாது.

குடந்தை_இருட்டறை

நாகை நண்பர் சொல்வது சரி, மன்னை நண்பரின் ஓட்டத்துக்கு 1+1-தான் பொருத்தம். ஒரு மாதத்தில் 5, 6 ரோல் சேர்த்து வைத்து இரண்டு நாளில் கழுவுபவருக்கு ஸ்டாக்கைத் திரும்பப் பயன்படுத்துவது நன்றாக வரும். முழு ஸ்டாக்கில் சல்பைட் அதிகம், குருணை (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்) மிருதுவாக இருக்கும். 1+1-ல் ஓரம் கூர்மையாகத் தெரியும், குருணையும் சற்றுத் தெரியும். எது பிடிக்கும் என்பது படம் எடுப்பவர் கண்.

எந்த வழியானாலும் சேமிப்புதான் டெல்டாவில் பெரிய காரியம். நிறைந்த, மூடிய பாட்டிலில் 6 மாதம் என்பதெல்லாம் குளிர்நாட்டு அறைக்கான கணக்கு. 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, ஓட்டுச் சாய்ப்பு உள்ள அறையில் வைக்காதீர்கள். கண்ணாடி பாட்டில் முதல் தரம். சோடா, கோலா வந்த பெட் பாட்டிலும் நல்லதே, மட்டம் குறையக் குறைய அமுக்கி மூடலாம். பால் நிறத்தில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கேன் காற்றை உள்ளே விடும், ஒதுக்குங்கள். கண்ணாடி பாட்டிலில் மட்டத்தை ஏற்றக் கழுவிய கோலிக்குண்டு போடுங்கள். 1+1 பாணிக்கு லிட்டரை 145 மி.லி. பிடிக்கும் சிறு மருந்து பாட்டில்களில் விளிம்பு வரை ஊற்றி மூடி வைப்பதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில் திறப்பீர்கள், மற்றவை காற்றையே பார்க்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நின்றுபோன டி-76 எப்போதும் சோர்ந்துதான் போகும் என்பதில்லை. ஹைட்ரோகுவினோன் காற்றோடு சேரும்போது காரம் ஏறும், அதனால் சில வாரம் நின்ற கரைசல் புதியதைவிட வீரியமாக வேலை செய்து காண்ட்ராஸ்ட்டைக் கூட்டிவிடும். எடை போட்டுச் செய்பவர்கள் வெங்காரம் 2 கிராமுக்குப் பதில் வெங்காரம் 8, போரிக் ஆசிட் 8 கிராம் போடும் டி-76டி வடிவத்தை எடுத்தால் இந்த ஏற்றம் அடங்கும். வைத்து வைத்து எடுப்போருக்கு நான் பரிந்துரைப்பது அதுதான்.

ஒவ்வொரு முறையும் ரோலை நனைக்குமுன் ஒரு சோதனை. ரோலின் தலைப்பு நாக்கை வெட்டினீர்களே, அதில் ஒரு துண்டை வெளிச்சத்திலேயே கரைசலில் போட்டு, கறுக்கத் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். புதுக் கரைசலில், அதே வெப்பத்தில், எவ்வளவு நேரம் ஆனது என்று முன்பே பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். இரட்டிப்பானால் கொட்டிவிடுங்கள். இது செத்த கரைசலைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. முழு ஒளி பட்ட துண்டு என்பதால் நிழல் மெலிவதை இதில் பார்க்க முடியாது.

மன்னை_பிலிம்

மிக்க நன்றி. 1+1, சிறு பாட்டில்கள் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம் மிச்சம். கழுவி ஊற்றும்போது கரைசல் லேசான ஊதாவில் வருவதும், அடியில் சாம்பல் நிற வண்டல் படிவதும் கெட்டதற்கு அடையாளமா? இன்னொன்று, வீட்டுக்குப் பின்னால் பாசன வாய்க்கால் ஓடுகிறது. பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். பழைய கரைசலை எங்கே கொட்டுவது?

வெங்காரம் (தஞ்சாவூர்)

ஊதா, இளஞ்சிவப்பு, சில 120 ரோலில் பச்சை நீலம், எல்லாம் பிலிமின் பின்பக்கச் சாயம். சல்பைட்டில் தானாக வெளுக்கும், கெடுதல் இல்லை. தேநீர் நிறத்துக்கு வந்தால்தான் கெட்டது. சாம்பல் வண்டல் வெள்ளி. சல்பைட் சிறிதளவு சில்வர் புரோமைடைக் கரைத்து எடுக்கும், அது கரைசலிலேயே வெள்ளியாக இறங்குகிறது. புனலில் பஞ்சு அடைத்து வடிகட்டுங்கள், சமையல் வடிகட்டி வேண்டாம். வண்டலோடு ஊற்றினால் நெகட்டிவ் மேல் ஊசிமுனைப் புள்ளிகள் ஒட்டும். ஃபிக்சர் பட்ட ரீலை, அளவுக் குவளையைக் கழுவாமல் டெவலப்பரில் போட்டாலும் வண்டல் கூடும், நெகட்டிவ் மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் பார்த்தால் பச்சை, ஊடுருவி வரும் ஒளியில் சிவப்பு என்று மூட்டம் விழும். டெவலப்பர் குவளை, புனல் தனி, ஃபிக்சர் குவளை, புனல் தனி.

வாய்க்காலில் எதுவும் ஊற்றாதீர்கள். ஹைட்ரோகுவினோன் மீனுக்கு நஞ்சு, அந்தத் தண்ணீர் அடுத்த மடையில் யாரோ ஒருவரின் நாற்றங்காலுக்குப் போகிறது. செப்டிக் டேங்கிலும் வேண்டாம், அதைச் செரிக்கும் கிருமிகளையே அது கொல்லும். பழைய டெவலப்பரையும் பழைய ஸ்டாப்பையும் ஒன்றாக ஊற்றி, அகலமான பிளாஸ்டிக் தட்டில் மொட்டை மாடி வெயிலில் வற்ற விடுங்கள். ரோலுக்கு 290 மி.லி.தான், கோடையில் சீக்கிரம் வற்றும். மேலே கம்பி வலை போட்டு மூடுங்கள். கீழே வைத்தால் உப்புச் சுவைக்கு மாடும் ஆடும் நாக்கை வைக்கும். மிஞ்சும் உப்பைச் சுரண்டி, கட்டி, உலர் குப்பையில் தனியாகக் கொடுங்கள்.

ஃபிக்சர் வேறு கதை, அதில்தான் வெள்ளி முழுக்க இருக்கிறது. அதை டெவலப்பரைவிட நிம்மதியாகத் திரும்பப் பயன்படுத்தலாம். தலைப்புத் துண்டு கண்ணாடிபோலத் தெளிய ஆகும் நேரம், புதிதில் ஆனதைவிட இரட்டிப்பாகும் வரை. அதற்குப் பிறகு மூடியுள்ள வாளியில் ஊற்றி இரும்பு நாரைப் போடுங்கள். இரும்பு கரையும், வெள்ளி கறுப்புச் சேறாகப் படியும். பாத்திரம் தேய்க்கும் நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அது வேலைக்காகாது. வாங்கிய நாரை நனைத்து ஒரு இரவு வெளியே வையுங்கள், காலையில் துரு ஏறியிருந்தால் சரியான நார். சில நாள் கழித்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய செப்புக் கம்பியை ஃபிக்சரில் சிறிது நேரம் முக்கிப் பாருங்கள். கம்பி சாம்பல் நிறம் ஏறி வந்தால் வெள்ளி இன்னும் மிச்சம், இன்னொரு பிடி நார் போட வேண்டும். செம்பாகவே வந்தால் மேல்நீரை வடித்து வெயில் தட்டில் ஊற்றலாம், அடிச் சேற்றைத் துணியில் வடித்துக் காயவைத்து ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.